பாய்த்தோணியின் நோயும் நோய்முதலும்

தோற்றுவாய்

ஈழம் நாற்புறமும் கடல் சூழ்ந்த நாடு. எனினும் நம்மிற் பலர் கடலைக் கரையில் நின்று கண்டவர்களே. தர்மபுரம் பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் வயலும் குளமும் காடுமாக அமைந்த உள்நாட்டூர். ஆயினும் வடக்கே சுண்டிக்குளக் கடனீரேரியும் கிழக்கே முல்லைத்தீவுக் கடலும் அதற்கு அயலிலேயே உள்ளன. இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருள் ஏர்பிடித்தோர் வழிவந்தோரும் உளர். தோணியோட்டியோர் வழிவந்தோரும் உளர். இரு திறத்தார்க்கும் பொதுவான ஒரு பாடத்தை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிறு பாய்த்தோணி ஒன்று செலுத்துவோன் கைக்கு அடங்காது போனால் யாது செய்வது? சுக்கான் கனக்கிறது, அணியம் தானே திரும்புகிறது, பாய் இறங்க மறுக்கிறது, கயிறு அறுகிறது. இவை கடலில் நேரும் நோய்கள். திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே மருத்துவனுக்கு ஒரு முறையை வகுத்தார்: நோய் இன்னதெனத் தெளிதல், அது தோன்றிய காரணத்தைத் தேடுதல், தணிக்கும் வழியைக் காணுதல், அதன்பின் பிழையின்றிச் செய்தல் என்பன. தோணிக்கும் இம்முறையே பொருந்தும். நோய் தோன்றும் இடம் வேறு, நோய்முதல் வேறு என்பதே இப்பாடத்தின் சாரம். சுக்கானில் தோன்றும் நோய்களுட் பல பாயிலே பிறந்தவை.

உறுப்புகளும் அவற்றின் பெயர்களும்

நோயை ஆராயுமுன் உடலுறுப்புகளை அறிதல் வேண்டும். தோணியின் முன்புறம் அணியம். பாயைத் தாங்கும் நெடுமரம் பாய்மரம். சங்கச் சான்றோர் இதனைக் கூம்பு என்றனர். பாய்மரத்தின் மேற் சாய்வாகவோ குறுக்காகவோ தூக்கப்பெற்றுப் பாயைத் தாங்கி நிற்கும் கழி பருமல். பருமலையும் பாயையும் மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்மூலையைப் பிடித்து, அதனை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் கயிறு தாமான். ஆஞ்சான் ஏறியிறங்கும் உருளை கப்பி. பின்புறத்தில் நீருள் நின்று திசை திருப்பும் பலகை சுக்கான். சுக்கானின் தலையிற் செருகிய தண்டைக் கைத்தண்டு என இங்குக் கூறுவோம். பாய்மரத்தை இருபுறமும் இழுத்து நிறுத்தும் கயிறுகளைத் தாங்குகயிறு என்போம்.

இச்சொற்களின் பிறப்பும் ஆராயத்தக்கது. சுக்கான் அரபு மொழியிலிருந்து வந்தது; நங்கூரம் பாரசீகத்திலிருந்து வந்தது; மாலுமி என்பதும் ஆசிரியனைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழிவந்ததே. நாமும் பிறர்க்குக் கொடுத்துள்ளோம். கட்டுமரம் ஆங்கிலத்திற் புகுந்தது. கப்பல் மலாய் மொழியிற் புகுந்தது. ஒரு கடலைப் பகிர்ந்துகொண்ட மக்கள் சொற்களையும் பகிர்ந்துகொண்டனர். ஆஞ்சான், தாமான் முதலியன அகராதியேறிய சொற்களே. ஆயினும் அவற்றின் பொருளைக் கையால் அறிந்தவர் தொகை நாளுக்கு நாள் அருகி வருகின்றது.

பழந்தமிழர் கண்ட காட்சி

வெண்ணிக்குயத்தியார் கரிகாலனைப் பாடிய புறநானூற்றுப் பாட்டிலே (66), அவன் முன்னோன் ஒருவன் காற்றைத் தன் ஏவலுக்கு ஆட்படுத்தி நாவாய் ஓட்டியவன் எனப் போற்றப்படுகிறான். மருதன் இளநாகனாரின் அகநானூற்றுப் பாட்டில் (255) இரவும் பகலும் காற்று நாவாயை உந்திச் செல்ல, மீகாமன் உயர்ந்த மாடத்து விளக்கொளியைக் கண்டு திசையறிந்து செலுத்துகிறான். உந்துவது காற்று, திசை தருவது மனிதன். இவ்விரண்டும் ஒத்தியங்கும்போதுதான் நாவாய் துறைசேரும்.

அவை ஒவ்வாதபோது விளைவதையும் நம் புலவர் நுணுகிக் கண்டனர். மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனாரும், மணிமேகலையிற் சீத்தலைச் சாத்தனாரும் மதங்கொண்ட யானைக்குப் புயலில் அகப்பட்ட நாவாயை உவமை கூறுகின்றனர். சாத்தனார் காட்டும் நாவாயிலே கூம்பு அடியோடு முறிகிறது, இறுகிய கட்டுகள் அவிழ்கின்றன, கயிறுகள் அறுகின்றன, பாய் கிழிந்து ஆரவாரிக்கின்றது, நாவாய் போகுந்திசை அறியாது எங்கும் ஓடுகின்றது. இவ்வுவமையை இலக்கிய நயத்துக்காக மட்டும் கற்பிப்பது வழக்கம். தோணியோட்டி ஒருவன் கேட்டால், இஃது உள்ளது உள்ளவாறே கூறிய செய்தி என்பான். இங்கே சுக்கான் உடைந்ததாகப் புலவர் கூறவில்லை என்பதை மாணவர் கருத்தில் இருத்துக. மரமும் கட்டும் கயிறும் பாயும் கெட்டன. திசை தானே கெட்டது.

சுக்கானா, பாயா?

செலுத்துவோன், “சுக்கான் சரியில்லை” என்று முறையிடும்போது, முதலிற் செய்யத்தக்க சோதனை எளியது. அமைதியான நீரிலே பாயை இறக்கிவிட்டுத் துடுப்பு வலித்துச் செல்க. அப்பொழுது தோணி சுக்கானுக்கு இணங்கி இருபுறமும் ஒரேவிதமாகத் திரும்புமாயின் சுக்கான் குற்றமற்றது. நோய்முதலைப் பாயிலே தேடுதல் வேண்டும். பாயில்லாதபோதும் இணங்காதாயின் சுக்கானையும் அடிமரத்தையும் ஆராய்க.

இரண்டாவது சோதனை, காற்றை வலப்புறம் வாங்கியும் இடப்புறம் வாங்கியும் ஓடிப் பார்த்தல். இருமுறையும் தோணி காற்றை நோக்கியே திரும்பினால் பாய்க்கும் உடலுக்கும் சமனில்லை எனத் தெளிக. ஒருமுறை மட்டும் திரும்பினால் ஏதோ ஓருறுப்பு ஒருபுறம் கோணியுள்ளது: பாய்மரம் சாய்ந்திருக்கலாம், சுக்கான் முறுகியிருக்கலாம், சுமை ஒருபக்கம் ஏறியிருக்கலாம். சாய்ந்த பருமலில் முக்கோணப் பாய் கட்டிய தோணியில், ஒருபுற ஓட்டத்திற் பாய் மரத்தோடு அழுந்தும். ஆதலால் அங்குச் சிறு வேறுபாடு இயல்பேயாம்.

மூன்றாவது விதி: ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. தாமானைத் தளர்த்திச் சுமையையும் நகர்த்திப் பாயையும் சுருக்கினால் தோணி குணமடையலாம். ஆனால் எம்மருந்தாற் குணமடைந்தது என்பது தெரியாது. அடுத்த முறை அதே நோய் வரும்போது அறிவு துணைசெய்யாது.

சமநிலை என்னும் தத்துவம்

பாயின் மீது காற்றுத் தாக்கும் விசை முழுவதும் ஓரிடத்திற் குவிந்ததாகக் கொள்ளலாம். அதனைப் பாயின் விசைமையம் என்போம். தோணி பக்கவாட்டில் நகராவண்ணம் நீர் தடுக்கும் விசையும் நீருள் ஓரிடத்திற் குவிந்ததாகக் கொள்ளலாம். அஃது எதிர்ப்பு மையம். விசைமையம் எதிர்ப்பு மையத்துக்குப் பின்னே மிகவும் விலகினால், காற்றுத் தோணியின் பின்புறத்தை ஒதுக்கித் தள்ளும். அணியம் காற்றை நோக்கித் திரும்பும். கோபுர உச்சியில் நிற்கும் காற்றுத் திசைகாட்டி காற்றை நோக்கித் தலை திருப்புவதும் இவ்வாறே. விசைமையம் முன்னே சென்றால், அணியம் காற்றுக்கு ஒதுங்கி ஓடும்.

உழவர் மைந்தர்க்கு இஃது எளிதில் விளங்கும். கலப்பை ஒருபுறமாக இழுத்துச் சாலைக் கெடுக்குமாயின், மேழியை எதிர்ப்புறம் அழுத்தி அழுத்திக் கைசோர்வது அறியாமை. அறிந்த உழவன் ஏரை நிறுத்தி நுகத்தையும் பூட்டுக் கயிற்றையும் பார்ப்பான். கைத்தண்டு மேழியை ஒத்தது. பாய் மாட்டை ஒத்தது.

தோணி சாய்ந்தோடும்போது இந்நோய் மிகுதற்கும் வயற்புறத்திலேயே உவமையுண்டு. இரட்டை மாட்டு வண்டியில் இடக்காளை மட்டும் இழுத்தால் வண்டி வலப்புறம் திரும்பும். தோணி ஒருபுறம் சாயும்போது, பாய் அப்புறத்து நீரின் மேலே தொங்கி நின்று அங்கிருந்து இழுக்கின்றது. ஆதலின் அணியம் மறுபுறமாகிய காற்றின் திசைக்குத் திரும்புகின்றது. இதனாலேயே பாக்கு நீரிணைத் தோணியோட்டிகள் குறுக்கே நீட்டிய பலகையின் மேல் ஆளேறி அமர்ந்து தோணியை நிமிர்த்தினர். கவிழாமற் காப்பதோடு சுக்கானின் பாரத்தைக் குறைப்பதும் அப்பலகையின் பயனாகும்.

சமநிலையின் ஆற்றலை உலகறியக் காட்டியவர் யோசுவா சிலோக்கம். அவர் 1895 முதல் 1898 வரை ‘ஸ்பிறே’ என்னும் ஏறத்தாழ 37 அடி நீளமுள்ள பாய்ப்படகில் தன்னந்தனியே உலகைச் சுற்றிவந்த முதல்வர். 1897இல் அவுஸ்திரேலியாவின் வடபாலுள்ள தேர்ஸ்டே தீவிலிருந்து இந்துமாக்கடலிலுள்ள கொக்கோஸ் தீவுகள் வரை 2,700 மைல் தூரத்தை 23 நாளிற் கடந்தார். அந்நாட்களில் அவர் சுக்கானைப் பிடித்திருந்த நேரம் மூன்று மணி அளவே என எழுதியுள்ளார். பாயும் உடலும் ஒத்து நின்றமையால், கட்டிவைத்த சுக்கானோடு படகு தானே வழிசென்றது.

கைத்தண்டு கனத்தல்

காற்றை நோக்கித் திரும்பும் நோய்க்கு மருந்துகள் பல. அவற்றை எளியதிலிருந்து அரியதற்கு முறையாகக் கையாளுதல் வேண்டும்.

முதலில் தாமானைச் சிறிது தளர்த்துக. அளவுக்கு மிஞ்சி இறுக்கிய பாயே இந்நோயின் பொதுக்காரணம். இரண்டாவது, சுமையையும் ஆட்களையும் சற்றுப் பின்னே நகர்த்துக. அணியம் நீரில் ஆழ்ந்திருந்தால் எதிர்ப்பு மையம் முன்னேறி நோயை மிகுவிக்கும். பின்புறம் ஆழ்ந்தால் அது பின்வாங்கும். மூன்றாவது, பாயைச் சுருக்குக. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்கு; மணிக்கு 10 மைல் வேகக் காற்று 14 மைலாக ஏறினாலே விசை ஏறத்தாழ இருமடங்காகும். பாயைச் சுருக்கலாமோ என்னும் எண்ணம் முதலில் எழும்போதே சுருக்குவது அறிவுடைமை. நான்காவது, பருமலில் ஆஞ்சான் கட்டியுள்ள இடத்தை மேல்நுனிப் பக்கமாகச் சிறிது நகர்த்துக. அதனாற் பருமலும் பாயும் மரத்துக்கு முன்னே செல்லும். ஐந்தாவது, பாய்மரம் பின்னே சாய்ந்திருப்பின் நிமிர்த்துக. பழம்பாய் இழுபட்டுத் தொய்ந்து அதன் வயிறு பின்னே சென்றிருப்பின் தையலைப் பிரித்துத் திருத்துதல் வேண்டும். இவையாவும் பயன்படாதபோதே சுக்கானின் அளவை மாற்ற எண்ணுக.

சுக்கானை வலிந்து திருப்பி நோயை மறைப்பது தீது. 3 முதல் 5 பாகை அளவு திருப்பி நேரோடுவது நலம். அதனின் மிகுந்தால் சுக்கான் தடையாக நின்று வேகத்தை உண்ணும். மிகப் பெரிய கோணத்தில் நீரோட்டம் பலகையை விட்டுப் பிரிந்துவிடும். பின்னர்ச் சுக்கான் இருந்தும் இல்லாததே. கப்பற் சுக்கான்கள் பொதுவாக 35 பாகைக்கு மேல் திரும்பாவண்ணம் அமைக்கப்பெறுவது இதுபற்றியே.

காற்றை நோக்கித் திரும்பும் இயல்பை முற்றும் ஒழித்தலும் ஆகாது. சிறிதளவு இருத்தல் காவலாகும். செலுத்துவோன் வழுக்கி விழுந்து கைத்தண்டை விட்டாலும், அத்தகைய தோணி தானே காற்றை நோக்கித் திரும்பிப் பாய் படபடக்க நின்றுவிடும், விழுந்தவனுக்குக் காத்திருக்கும். காற்றுக்கு ஒதுங்கும் இயல்புடைய தோணியோ அவனை விட்டு ஓடிவிடும். அல்லது திடீரெனப் பாய் மறுபுறம் புரண்டு கவிழும். ஆகவே முன்னது குறைக்கத்தக்க நோய். பின்னது நீக்கத்தக்க நோய்.

சுக்கானுக்கே உரிய நோய்கள்

பாய் குற்றமற்றதெனத் தெளிந்தபின் தோணியைக் கரையேற்றிச் சுக்கானைக் கையால் ஆட்டிப் பார்க்க. சுக்கானிலுள்ள முளைகள் தோணியின் பின்புறத்துக் கண்களிற் பொருந்தித் திரும்புகின்றன. முளை தேய்ந்தாலோ கண் அகன்றாலோ சுக்கான் கடகடவென ஆடும். கைத்தண்டைத் திருப்பியும் தோணி சிறிது தாமதித்தே திரும்பும். கண்ணினுள்ளே தேய்வைத் தாங்கும் மெல்லிய உறையொன்றை இடுக. தேய்வு மிக்கதாயின் முளையை மாற்றுக. இரும்பும் செம்பும் உவர்நீரில் ஒன்றையொன்று தொட்டிருந்தால் இரும்பு விரைந்து அரிபடும். ஆதலால் முளையும் கண்ணும் அவற்றைப் பிணிக்கும் ஆணிகளும் ஒரே உலோகமாக இருத்தல் நன்று.

கைத்தண்டு சுக்கான் தலையிற் செருகிய துளை அகன்றிருப்பதும் இவ்வாறே ஆட்டந்தரும். அதற்கு ஆப்பு ஒன்று போதும். ஆட்டம் முளையிலா தலையிலா என அறிய, ஒருவன் பலகையை அசையாது பிடிக்க மற்றவன் கைத்தண்டை அசைக்க வேண்டும். சுக்கான் மேலெழும்பாமற் பூட்டாணியோ கட்டுக்கயிறோ இருத்தல் இன்றியமையாதது. அலை பின்புறத்தைத் தூக்கி இறக்கும்போது பூட்டில்லாத சுக்கான் கழன்று மிதந்துவிடும். வலைத்துண்டும் பாசியும் சுற்றிக்கொண்ட சுக்கான் கனத்தலும் உண்டு; அதற்கு மருந்து கத்தியேயாம்.

கடல்நடுவே சுக்கான் இழந்தால் கலங்கற்க. நீண்ட துடுப்பொன்றைப் பின்புறத்திற் கயிற்றால் தளரப் பிணித்துத் திருப்புக. துடுப்பும் இல்லையேல் வாளியொன்றைக் கயிற்றிற் கட்டி நீரில் இழுபட விடுக. அது வலப்புறத்தில் இழுபட்டால் தோணி வலப்புறமும், இடப்புறத்தில் இழுபட்டால் இடப்புறமும் திரும்பும். பாயைக் கொண்டும் திசை கொள்ளலாம்: தாமானை இறுக்கினால் அணியம் காற்றை நோக்கும், தளர்த்தினால் ஒதுங்கும். சமநிலை அறிந்தவனுக்குப் பாயே இரண்டாஞ் சுக்கான்.

கயிறும் கப்பியும் மரமும்

கயிறு நடுவில் அறுவது அரிது. கப்பியிற் படும் இடம், மரத்தில் உரசும் இடம், முடிச்சிட்ட இடம் ஆகிய மூன்றிலுமே அது கெடும். ஆதலின் கயிற்றைக் கண்ணாற் பார்ப்பதோடு அமையாது, முழு நீளத்தையும் விரலிடையே ஓடவிட்டுத் தடவிப் பார்க்க. தேய்வு ஓரிடத்திலே தொடங்கியதாயின் கயிற்றைத் தலைமாற்றிப் போடுக. புதிய இடம் தேய்வை ஏற்கும், கயிற்றின் ஆயுள் நீளும். முடிச்சுக் கயிற்றின் வலுவில் ஏறத்தாழப் பாதியைக்கூடக் கவர்ந்துவிடும். புரிகளைப் பிரித்து ஒன்றோடொன்று பின்னி இணைத்தால் அத்துணை இழப்பில்லை. நுனிகளை நூலாற் சுற்றிக் கட்டாத கயிறு தானே பிரிந்து கப்பியில் அடைபடும். தென்னந்தும்புக் கயிறு உவர்நீரைத் தாங்கும், மிதக்கும். ஆனால் வலு குறைந்தது. நைலோன் கயிறு வலிது. ஆனால் பாரத்தில் நீள்வது, வெயிலில் நலிவது. நங்கூரத்துக்கு நீளும் கயிறு நன்று. ஆஞ்சானுக்கு நீளாத கயிறே வேண்டும்.

பாயை ஏற்ற முடியாமை சிறு துன்பம். இறக்க முடியாமை பெருந்துன்பம். புயலடிக்கும்போது ஆஞ்சான் கப்பியில் இறுகினால் உயிருக்கே கேடு. கயிறு கப்பியின் வடிவுக்கு மிஞ்சிப் பருத்திருத்தல், மரக்கப்பி நீரூறிப் பருத்தல், உருளைக்கும் பக்கப் பலகைக்கும் இடையே கயிறு சறுக்கி விழுதல் என்பன காரணங்கள். கயிறு வடிவைவிடச் சிறிதே மெலிந்திருக்க வேண்டும். இடைவெளியோ கயிறு நுழையாத அளவு ஒடுங்கியிருக்க வேண்டும். ஆஞ்சானின் அடிநுனியை ஒரே இழுப்பில் அவிழும் சுருக்கினாற் கட்டுக. இறுகும் முடிச்சு ஆஞ்சானுக்கு ஆகாது. கரையை விட்டு நீங்குமுன் பாயை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்தல் எக்காலத்துக்கும் உரிய விதி.

தாமானுக்கு உரிய விதி அதனினும் கண்டிப்பானது. சிறு தோணியில் அதனைக் கட்டிவைத்தல் ஆகாது. கையிலே பிடித்திருத்தல் வேண்டும். திடீர்க்காற்று வீசும்போது கையை விட்டால் பாய் காற்றைக் கொட்டிவிடும், தோணி நிமிரும். கட்டிவைத்த தாமான் அவிழுமுன் தோணி கவிழ்ந்துவிடும்.

தாங்குகயிற்றின் கணக்கு நம் கணித மாணவர்க்கு உரியது. பாய்மரத்துக்கும் தாங்குகயிற்றுக்கும் இடைப்பட்ட கோணம் 30 பாகையாயின், மரத்தின் உச்சியைப் பக்கவாட்டில் தள்ளும் விசையைப்போல் இருமடங்கு இழுவை கயிற்றில் உண்டாகும். 15 பாகையாயின் ஏறத்தாழ நான்கு மடங்கு. 10 பாகையாயின் ஆறு மடங்கை அணுகும். ஒடுங்கிய தோணியில் உயர்ந்த மரம் நட்டால் கயிறு ஏன் அறுகிறது என்பதற்கு இதுவே விடை. ஓடும்போது ஒருபுறக் கயிறு அறுந்துவிட்டால், உடனே காற்றை மறுபுறம் வாங்குமாறு தோணியைத் திருப்புக. பாரம் நல்ல கயிற்றின் மேல் விழும். அதன்பின் ஆறுதலாகப் பழுது பார்க்கலாம்.

பாய்மரம் முறிந்த இடத்தைப் பார்த்தால், பெரும்பாலும் அடியிலோ துளையிட்ட இடத்திலோ உக்கியிருக்கும். மரத்தை உக்கச் செய்வது கடல்நீரன்று, மழைநீரே. உப்பு மரத்தை ஓரளவு காக்கும்; பாய்மரம் ஊன்றிய குழியில் தேங்கும் நன்னீர் அதனைக் கெடுக்கும். அக்குழிக்கு வடிகால் அமைத்தால் மரம் பல்லாண்டு நிற்கும். மரம் முறிந்துவிட்டால் பருமலையே நட்டுச் சிறு பாய் கட்டிக் கரைசேரலாம்.

அன்னபூரணி தந்த சான்று

இவ்வறிவு நம் மண்ணுக்குப் புதியதன்று. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950இல் ‘கப்பல் சாத்திரம்’ என்னும் பழந்தமிழ்ச் சுவடியை அச்சேற்றியது. ஏட்டில் எழுதாத கப்பல் நூலும் நம்மிடம் இருந்தது. அது வல்வெட்டித்துறை மேத்திரிமாரின் கையிலும் தண்டையல்மாரின் நெஞ்சிலும் வாழ்ந்தது.

வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் 89 அடி நீளமான பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் விலைக்கு வாங்கினார். அவர் கடலறியாத செல்வர் அல்லர். 1928 முதல் 1931 வரை 32 அடிப் பாய்ப்படகொன்றில் உலகைச் சுற்றிவந்தவர். அத்தகையவர் நம்மூர்க் கப்பலைத் தேர்ந்தமையே அதன் கட்டுக்குச் சான்றாகும். ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ எனப் பெயர் மாற்றப்பெற்ற அக்கப்பலை வல்வெட்டித்துறை மாலுமிகள் செலுத்திச் சென்றனர். செங்கடலும் மத்தியதரைக் கடலும் அத்திலாந்திக்கும் கடந்து, 1938 ஆகஸ்ட் 1ஆம் நாள் அது அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்ரர் துறையை அடைந்தது. இத்துணை நெடிய ஓட்டத்தில் கயிறு தேயாதிருக்காது, பாய் நலியாதிருக்காது. கப்பலில் உள்ளோரே அவற்றைக் கண்டறிந்து திருத்தி ஓட்டுதல் பாய்க்கப்பல் தொழிலின் இயல்பாகும்.

இன்று இப்பாடம் எதற்கு?

இன்று நம் கரைகளில் மீன்பிடிப்பன பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகளே. அவற்றை உந்துவது புறப்பொறி இயந்திரம். பாயின் பாடம் பழங்கதையன்றோ எனச் சிலர் வினவலாம். 2022இல் நாடெங்கும் எரிபொருள் தட்டுப்பாடு நேர்ந்தபோது இயந்திரப் படகுகள் கரையிற் கிடந்ததை நாம் கண்டோம். அதனினும் முதன்மையானது, நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிடும் வேளை. அவ்வேளையிற் காற்றின் இயல்பை அறிந்தவன் பிழைப்பான்.

முல்லைத்தீவுக் கடலை எடுத்துக்கொள்வோம். வடகீழ்ப் பருவத்து வாடைக்காற்றிலே நின்றுபோன படகு கரைப்பக்கமாக ஒதுக்கப்படும். அங்கே அலைமுறியும் இடத்திற் கவிழாமையே கவலை. தென்மேற்குப் பருவத்திலோ காற்றுக் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். நின்றுபோன படகு நாழிகைதோறும் ஆழ்கடலுக்குத் தள்ளப்படும். அங்கே முதலிற் செய்யத்தக்கது நங்கூரம் எட்டும் ஆழத்திலேயே அதனை இறக்குதல். இயந்திரத்தைத் திருத்த முயல்வது அதற்குப் பின்னரே. துடுப்பொன்றை நட்டுத் தறப்பாளைக் கட்டினால் அஃது ஒரு பாய். ஆனால் அத்தகைய பாய் காற்றுப்போகும் திசைக்கே கொண்டுசெல்லும் என்பதை மறத்தல் ஆகாது. ஒரு நீண்ட துடுப்பு, ஒரு நங்கூரம், போதிய கயிறு, ஒரு தறப்பாள், ஒரு கத்தி ஆகிய ஐந்தும் எப்படகிலும் இருக்க வேண்டியவை.

முடிவுரை

நோய் தோன்றும் இடத்தையே நோய்முதல் என மயங்காதே என்பது தோணி நமக்குக் கற்பிக்கும் பாடம். கைத்தண்டில் உணரும் பாரத்தின் காரணம் பாயில் இருக்கலாம். பாயின் தொய்வுக்குக் காரணம் கயிற்றில் இருக்கலாம். கயிற்றின் தேய்வுக்குக் காரணம் ஒரு சிறு கப்பியில் இருக்கலாம். படிப்படியாகச் சோதித்து, ஒவ்வொன்றாக மாற்றி, எளிய மருந்தை முதலிற் கையாளுவோன் தோணியையும் காப்பான். ஏரையும் இயந்திரத்தையும் காப்பான். வகுப்பறையில் பின்தங்கிய மாணவனைக் காணும் ஆசிரியனும் இம்முறையைக் கைக்கொள்ளலாம்.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். இறுக்கு, தளர்த்து, இறக்கு எனக் கடலில் ஒருவர்க்கொருவர் கூறும்போது, எக்கயிற்றை என்பதற்குத் தெளிந்த பெயர் வேண்டும்; பெயர் குழம்பினால் கையும் குழம்பும். பாயோட்டிய முதியோர் நம் கரையூர்களில் இன்னும் சிலர் உளர். அவர்தம் வாயிலிருந்து தோணியுறுப்பின் பெயர், அதன் தொழில், அப்பெயர் வழங்கும் ஊர் என்னும் மூன்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்க. உறுப்பின் படத்தையும் அருகே வரைக. ஆஞ்சான் எது, தாமான் எது என அகராதி கூறும். எக்காற்றில் எதனை முதலில் அவிழ்ப்பது என்பதை அவர்களே கூற வல்லவர். கல்லூரி நூலகத்தில் அக்குறிப்பேடுகளுக்கு ஓரிடம் ஒதுக்குதல் இவ்விழாவாண்டின் நற்பணிகளுள் ஒன்றாகட்டும்.